மெர்சிடிஸ் 500இ: அடக்கமான தோற்றமும் அதை வைத்துப் பராமரிக்கும் பொறுப்பும்

கேள்வி

நண்பர்களுக்கு வணக்கம். எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் தம்மிடமுள்ள 1992ஆம் ஆண்டு மெர்சிடிஸ் 500இ காரை விற்க விரும்புகிறார். கருநீல நிறம்; டிக்கி மூடியில் மாடல் பெயர் இல்லை. யாரோ கழற்றிவிட்டார்கள் என்று முதலில் நினைத்தேன். புதிதாக வாங்கியபோதே எழுத்து வேண்டாம் என்று சொல்லி வாங்கியதாக அவர் கூறினார். அந்த ஒரு சொல்லில்தான் எனக்கு இந்தக் காரின் மீது மனம் போயிற்று. பார்ப்பவருக்குச் சாதாரண டபிள்யூ124 (அந்தக் காலத்து மெர்சிடிஸ் குடும்பக் கார் வரிசை) ஆகத் தெரிகிற வண்டிக்குள் ஐந்து லிட்டர், எட்டு சிலிண்டர் வி8 எஞ்சின் இருக்கிறது என்பதை ஓட்டுபவர் மட்டும் அறிந்திருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இதற்கு ஈடாக, அதே காலத்துப் பிஎம்டபிள்யூ எம்5 (இ34 என்ற தலைமுறை) ஒன்றையும் பார்த்து வைத்திருக்கிறேன். வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஓட்டுவேன். காட்சிக்கு நிறுத்தி வைக்க எனக்கு விருப்பமில்லை. இவற்றில் எதை எடுக்கலாம், 500இ வைத்திருப்பவருக்கு உண்மையில் எங்கே செலவு வருகிறது என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

முதல் மறுமொழி

நான் 500இ ஒன்றை ஒன்பது ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். எம்5-இல் இருப்பது 3.6 லிட்டர், ஆறு சிலிண்டர், 315 குதிரைத்திறன். அந்தத் திறன் எஞ்சின் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 7,000 சுற்றுகள் சுழலும்போதுதான் முழுமையாக வெளிப்படும், கியரையும் கையால் மாற்ற வேண்டும். ஓட்டுவதையே ஒரு வேலையாக விரும்பிச் செய்பவருக்கு அது அருமையான கார். 500இ-இன் ஆரம்பகால வண்டிகளில் 326 குதிரைத்திறனும் 480 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் (சக்கரத்தைத் திருப்பும் வலு) உண்டு. அந்த முறுக்குவிசை 4,000 சுற்றுகளுக்குள்ளேயே கைக்கு வந்துவிடுவதால், நான்கு கியர் ஆட்டோமேட்டிக்கில், எஞ்சின் குரலை உயர்த்தாமலேயே வண்டி முன்னே போய்விடுகிறது. நிற்கும் நிலையிலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்துக்குச் சுமார் ஆறு விநாடி. உச்சவேகம் 250-இல் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஓட்டுவதானால், என் தேர்வு 500இ தான்.

அதன் அடக்கம் ஒப்பனை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அகன்ற எஞ்சினுக்கும் அகன்ற சக்கரங்களுக்கும் இடம் தருவதற்காக மட்கார்டுகள் நான்கும் புடைத்தன. அதனால் மெர்சிடிஸின் சிண்டெல்ஃபிங்கன் ஆலையின் வழக்கமான உற்பத்தி வரிசையில் இந்த உடல் நுழைய முடியவில்லை. ஆகவே அப்போது பணி குறைந்து நிதி நெருக்கடியில் இருந்த போர்ஷே நிறுவனத்துக்கு வேலை ஒப்படைக்கப்பட்டது. போர்ஷேயின் சுஃபன்ஹவுசன் ஆலையில் உடல் பொருத்தப்பட்டு, பெயின்ட் அடிக்க சிண்டெல்ஃபிங்கனுக்குத் திரும்பி, மீண்டும் போர்ஷேயிடம் போய் எஞ்சினும் இருக்கையும் ஏறி, இறுதிச் சோதனைக்கு மறுபடியும் மெர்சிடிஸிடம் வந்தது. ஒரு காருக்குப் பதினெட்டு நாள் பிடித்தது. 1995 வரை மொத்தம் 10,479 கார்களே உருவாயின. இத்தனையும் நடந்த பிறகு வெளியே தெரிவது அந்தப் புடைப்பும், 23 மில்லிமீட்டர் தாழ்ந்த நிலையும் மட்டுமே. மாலை வெயில் சாய்வாக விழும்போது பின்கதவின் ஓரத்தில் நின்று பாருங்கள். மட்கார்டின் மேல் நிழல் வளைந்து செல்வது சாதாரண டபிள்யூ124-இல் இருக்காது.

இரண்டாம் மறுமொழி

மேலே எழுதிய நண்பர் கவர்ச்சியைச் சொல்லிவிட்டார். பராமரிப்பைப் பற்றி நான் சொல்கிறேன். 500இ-இல் உள்ள எம்119 என்ற எஞ்சினின் உலோகப் பாகங்கள் ஒழுங்காக ஆயில் மாற்றினால் மிக நீண்ட காலம் உழைக்கும். வயதாவது அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கும் ரப்பரும் தான். டைமிங் செயினை (எஞ்சின் வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் சங்கிலி) வழிநடத்தும் பிளாஸ்டிக் தண்டவாளங்கள் காலத்தால் மொறமொறத்துப் போகும்; உடைந்த துண்டு செயினில் சிக்கினால் எஞ்சினே போய்விடும் என்பதால், அவை மாற்றப்பட்டதற்கு ரசீது இல்லாவிட்டால் மாற்றப்படவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது எஞ்சின் ஒயரிங். 1990களின் முற்பாதியில் வந்த பல மெர்சிடிஸ்களில் ஒயரின் மேலுறை எஞ்சின் சூட்டில் காய்ந்து உதிர்ந்துவிடுகிறது. எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலை இயக்கும் மின்பாகத்தின் உள்ளே இருக்கும் ஒயர்களுக்கும் இதே நிலைதான். என் காரில் ஐட்லிங் (வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகம்) ஏறி இறங்கியபோது, நான் கொண்டுபோன பட்டறையில் எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர் பெட்டி கெட்டுவிட்டது என்று சொல்லி அதையே மாற்றினார்கள். பழுது அப்படியே இருந்தது. பிறகு வேறொரு மெக்கானிக் எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றி, கனெக்டர் அருகில் ஒரு ஒயரை விரலால் மெல்ல வளைத்தார். மேலுறை காய்ந்த வேர்க்கடலைத் தோலைப் போல அவர் உள்ளங்கையில் உதிர்ந்தது. உள்ளே செம்புக் கம்பிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. அன்றிலிருந்து யார் கேட்டாலும் முதலில் ஒயரைப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். மாற்றப்பட்ட ஒயரிங் என்றால் அதில் உற்பத்தித் தேதியுடன் ஒரு லேபிள் இருக்கும்.

ஏசி சரியாகக் குளிர்கிறதா என்பதையும் கவனியுங்கள். எவாப்ரேட்டர் (காற்றைக் குளிர்விக்கும் பாகம்) ஒழுகினால், அதை எடுக்க டேஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும். பாகத்தின் விலையைவிடக் கூலிதான் அதிகம். பின்பக்கம் வண்டியைச் சமநிலையில் வைக்கும் ஹைட்ராலிக் அமைப்பில் உள்ள நைட்ரஜன் உருண்டைகள் செத்திருந்தால், சிறு பள்ளத்திலும் பின்பக்கம் கட்டைபோல் இடிக்கும். அவற்றை மாற்றுவது எளிது.

மூன்றாம் மறுமொழி

ஒரு மாற்றுக் கருத்தையும் எண்ணிப் பாருங்கள். உங்களுக்குப் பிடித்திருப்பது பிறர் கண்ணில் படாமல் இருப்பதே என்றால், அதே டபிள்யூ124 வரிசையின் 400இ-யையும் பார்க்கலாம். அதே எம்119 குடும்பத்தைச் சேர்ந்த 4.2 லிட்டர் எஞ்சின், 279 குதிரைத்திறன். புடைத்த மட்கார்டு கிடையாது, பின்னால் மூவர் அமரலாம். 500இ-இல் பின்னிருக்கை இருவருக்கு மட்டுமே. ஆனால் ஒயரிங் தொல்லை இரண்டுக்கும் பொதுவானது.

கேட்டவர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று அந்தப் பெரியவரின் அனுமதியோடு பானட்டைத் திறந்து, நீங்கள் சொன்னபடி ஒயரைத் தொட்டுப் பார்த்தேன், ரப்பர்போல் வளைந்தது. லேபிளில் 2004 என்று இருந்தது. செயின் தண்டவாளங்களுக்கு ரசீது இல்லை. அந்த வேலையை நான் செய்துகொள்வதாகச் சொல்லி, அதற்கேற்ப விலையைப் பேசியிருக்கிறேன். டிக்கியில் எழுத்து ஒட்ட வேண்டாம் என்று மட்டும் அவர் கேட்டுக்கொண்டார். ஒட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.