மங்கிய நிறம், ரெசின் அடுக்கு: இந்தக் கண்காட்சி எங்களுக்கு என்ன தருகிறது?

நல்லூர் வாசகன்:
யாழ்ப்பாண நகரில் நடக்கும் ரெசின் ஓவியக் கண்காட்சிக்குப் போய்வந்தேன். ரெசின் என்ற தெளிந்த பிசினை அடுக்கடுக்காக ஊற்றி, இறுகவிட்டு வரைந்த படங்கள். சாம்பல், மங்கிய பச்சை, சேற்று மஞ்சள். எல்லாப் பலகையும் ஒரே மாதிரித்தான். எங்கள் ஓவியர் மாற்கு மாஸ்டர் வரைந்த உருவங்களைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. இங்கே உருவமும் இல்லை, கதையும் இல்லை. ஹோட்டல் வரவேற்பறைக்கு வடிவாக இருக்கும். எங்களோடு என்ன கதைக்கிறது?

கொக்குவில் அக்கா:
அண்ணை, வாசலுக்கு இடப்பக்கம் உள்ள சாம்பல் படத்தைப் பக்கவாட்டில் நின்று பார்த்தீர்களா? மேல் அடுக்கில் ஒரு வெள்ளைக் கீறல் இருக்கிறது. அதன் நிழல் கீழ் அடுக்கில் விழுகிறது. நாங்கள் நகர்ந்தால் கீறலுக்கும் நிழலுக்கும் உள்ள இடைவெளி மாறுகிறது. தாளில் இது வராது.

ரெசினும் அதை இறுகவைக்கும் ஹார்ட்னரும் கலந்தால் சூடேறும். தடிப்பாக ஊற்றினால் வெடிப்பு விழும். அதனால் சில மில்லிமீற்றர் ஊற்றி, குமிழியைச் சுவாலை காட்டிப் போக்கி, இறுகியபின் அதன்மேல் வரைந்து, மறுபடி ஊற்ற வேண்டும். மேலே அழுத்தமான நிறம் போட்டால் கீழே உள்ளதெல்லாம் மறைந்துவிடும். மங்கிய நிறம் அதற்காகத்தான்.

பருத்தித்துறையான்:
செய்யக் கஷ்டம் என்பதால் படம் நல்லதாகிவிடாது. என் கவலை வேறு. எப்பொக்சி என்ற இந்த வகை ரெசின் வெயிலில் மஞ்சளாகும். சிவப்பில் தெரியாத மஞ்சள் சாம்பலில் உடனே தெரியும். மாரியில் ஊற்றினால் ஈரம் பட்டு மேற்பரப்பு பால்போல வெளிறவும் கூடும். அமெரிக்க ஓவியர் ரொத்கோ ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்கு வரைந்த பெரிய ஓவியங்களை 1964இல் மாட்டினார்கள். யன்னல் வெயிலில் நிறம் போய், 1979இல் கழற்ற வேண்டி வந்தது. காசு கொடுத்து வாங்குபவருக்கு இதை யார் சொல்வது?

கொக்குவில் அக்கா:
அதே ஓவியங்களை 2014இல் ஹார்வர்ட் திரும்பக் காட்டியது, நிறத்தை ஈடுசெய்யும் ஒளியை மேலே வீசி. வெளிறியதால் யாரும் எறிந்துவிடவில்லை.

நல்லூர் அண்ணைக்கு ஒன்று சொல்ல வேணும். யாழ்ப்பாணத்து ஓவியர் என்றால் எரிந்த நூலகமும் முள்கம்பியும்தான் வரைய வேண்டும் என்று வெளியில் உள்ளவர்கள் எதிர்பார்க்கிறார்கள். நாங்களும் அதையே கேட்டால் எப்படி? நிறத்தையும் ஆழத்தையும் மட்டும் யோசிக்க எங்கள் பிள்ளைகளுக்கு உரிமை இருக்கிறது.

நல்லூர் வாசகன்:
நான் போரைக் கேட்கவில்லை, தங்கச்சி. ஒரு மீன்சந்தையை வரைந்தாலும் எனக்குப் போதும். கண்காட்சியில் படங்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு முழுப் பக்கம் எழுதியிருக்கிறார்கள், தமிழில் இரண்டே வரி. பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும் என்பதைக்கூட அங்கே எழுதவில்லை. சனத்தை வெளியே நிறுத்திவிட்டு ஆழம் என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

மருதனார்மடம் மாணவி:
பருத்தித்துறை அண்ணா, வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் யூவி தடுப்பி கலந்த ரெசின் என்றாலும் மஞ்சளாவது பிந்துமே தவிர நிற்காது. வெயில் படாத சுவரில் மாட்டுவதுதான் வழி. எந்த ரெசின் என்று விலைப்பட்டியலில் எழுதச் சொல்லி ஏற்பாட்டாளர்களிடம் நாளை கேட்கிறேன். தமிழ்க் குறிப்பை விரித்து எழுதித்தரவும் நான் தயார்.