பொங்கலுக்கு ஒன்பது நாள், 41 பிளவுஸ்: நேரத்தை எப்படிப் பிரிப்பது?

மாங்குளம் தையல்காரி:
மாங்குளத்தில் ஒற்றை அறையில் தையல் கடை வைத்திருக்கிறேன். இரண்டு மெசின், ஒரு ஓவர்லொக். உதவிக்கு ஒரு பிள்ளை கிழமையில் மூன்று நாள் வருவாள். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்கு இன்னும் ஒன்பது நாள்தான். கையில் 41 பிளவுஸ் கிடக்கிறது, எல்லாம் லைனிங் வைத்தது.

நான் சோம்பேறி இல்லை. காலமை ஆறு மணிக்குக் கடை திறக்கிறேன். ஆனால் ஒரு கையை வெட்டி முடிப்பதற்குள் யாராவது வந்து “முடிஞ்சுதா?” என்று வாசலில் நிற்பார்கள். போன் வேறு. லைனிங்கும் நூலும் எடுக்க வவுனியாவுக்கு பஸ் ஏறினால் அரை நாள் போய்விடும். அதனால் பிள்ளைகளைப் படுக்க வைத்த பிறகுதான் உண்மையான தையலே தொடங்குகிறது. முந்தநாள் இரவு ஒரு மணிக்கு இடக் கையை வலப் பக்கத்தில் பூட்டிவிட்டேன். பட்டுத் துணி. பிளேட்டால் ஒவ்வொரு தையலாகப் பிரித்து எடுக்க ஒரு மணித்தியாலம். மகள் வெட்டுத் துணிக் குவியலுக்குப் பக்கத்திலேயே நித்திரை. அவளைத் தூக்கிப் போடக்கூட எழும்பவில்லை, அதுதான் எனக்குப் பெரிய கவலை.

சின்னத் தொழில் செய்கிறவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

புதுக்குடியிருப்பு கராஜ்:
தங்கச்சி, நான் மோட்டார் சைக்கிள் திருத்துகிறவன். எனக்கும் இதே கதைதான் இருந்தது. ஒரு கிழமை பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றில் எழுதிப் பார்த்தேன்: எந்த வேலையை எப்போது தொடங்கினேன், எப்போது விட்டேன், ஏன் விட்டேன். பத்து மணித்தியாலம் கடையில் நின்றால் சாவி பிடித்தது ஐந்தரை மணித்தியாலம்தான். மிச்சமெல்லாம் கதையும், சாமான் தேடுவதும்.

உங்களுக்கு நேரம் குறைவு என்று நான் நினைக்கவில்லை. ஒரு பிளவுஸுக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று தெரியாமல் திகதி கொடுக்கிறீர்கள். முதலில் மணிக்கூட்டைப் பார்த்து எழுதுங்கள். பிறகு சுவரில் ஒரு கலண்டர் மாட்டி, ஒரு நாளைக்கு எத்தனை முடியுமோ அத்தனை கோடு போடுங்கள். கோடு நிரம்பினால் அடுத்த நாள். ஆள் முன்னாலேயே கலண்டரைப் பார்த்துத் திகதி சொல்லுங்கள். வாயால் சொன்னால் மனம் இளகி “நாளைக்குத் தாறன்” என்று வந்துவிடும். எனக்கு அப்படித்தான் வந்தது.

முள்ளியவளை அக்கா:
பிள்ளை, நான் இருபது வருசத்துக்கு மேல் தைத்தவள். பொங்கலுக்கு முந்தின கிழமை முல்லைத்தீவுக் கடலில் கோயிலுக்குத் தீர்த்தம் எடுக்கிற திங்கட்கிழமையோடு, பொங்கலுக்குத் தைக்கத் துணி வாங்குவதை நிறுத்திவிடுவேன். அது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த நாள், யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. உங்களுக்கு அந்தத் திங்கள் நாளை மறுதினம். அதற்குப் பிறகு ஒன்றும் வாங்காதீர்கள்.

வெட்டுவதைக் காலமை வெளிச்சத்தில் ஒன்றாக வெட்டுங்கள். பிறகு நிறம் நிறமாகத் தையுங்கள்: சிவப்பெல்லாம் சேர்த்து, பச்சையெல்லாம் சேர்த்து. ஒவ்வொரு பிளவுஸுக்கும் நூலும் பொபினும் மாற்றுவது கண்ணுக்குத் தெரியாமல் நேரத்தைத் தின்னும். கொக்கி, ஹெம் எல்லாம் அயலில் ஒருத்திக்குக் கொடுங்கள், அவளுக்கும் நாலு காசு. உடுப்பு எடுக்க வருவது பின்னேரம் நாலு முதல் ஆறு வரை என்று வாசலில் எழுதி ஒட்டுங்கள். ஆனால் தூரத்திலிருந்து பஸ்ஸில் வருகிற வயதானவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

மல்லாவி கடைக்காரன்:
வவுனியாப் பயணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நான் சாமானைக் கடைக்குப் போனில் சொல்லி, பஸ்ஸில் போட்டுவிடச் சொல்வேன். நீங்களும் செய்யலாம். துணி நிறத்தைப் போட்டோவில் நம்பாதீர்கள். ஒரு துண்டை வெட்டி, காகிதத்தில் குத்தி, பஸ்ஸிலேயே கொடுத்துவிடுங்கள்.

மாங்குளம் தையல்காரி:
மூன்று நாள் எழுதினேன். லைனிங் பிளவுஸ் ஒன்றுக்கு 1 மணி 50 நிமிடம். நான் இவ்வளவு காலமும் ஒரு மணித்தியாலக் கணக்கில் திகதி கொடுத்திருக்கிறேன்! நாளுக்கு நாலுதான் முடியும். 12 முடிந்தது, 29 மிச்சம். பொங்கலுக்கு முதல் நாளை விட்டால் இன்னும் ஐந்து நாள், 20 பிளவுஸ். ஆக, ஒன்பது பேரிடம் முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. நேற்று ஒவ்வொருவராக எடுத்துச் சொன்னேன். ஏழு பேர் “பொங்கல் முடியத் தாங்கோ” என்றார்கள். ஒருவர் துணியைத் திருப்பி வாங்கிப் போனார், இன்னொருவர் ஏசிவிட்டு வாங்கிப் போனார். அது மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

நேற்று இரவு ஒன்பதரைக்கு மெசினை மூடினேன். மகள் தலை இழுக்கச் சொல்லிக் கேட்டாள், இழுத்துவிட்டேன்.

பொங்கல் முடிந்ததும் கலண்டரில் நாளுக்கு மூன்று கோடுதான் போடப் போகிறேன். செத்த வீடு, சாமத்திய வீடு என்று திடீரென்று வருகிறவர்களுக்கு நாலாவது இருக்கட்டும். முள்ளியவளை அக்கா, கொக்கி தைக்கிறவருக்குப் பிளவுஸ் ஒன்றுக்கு எவ்வளவு கொடுக்கலாம்? அயலில் ஒருவர் சரி என்று சொல்லியிருக்கிறார்.