சொந்தத்துல கட்டுனதாலதான் பிள்ளைக்கு காது கேக்கலையா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

அம்பை_தங்கச்சி:
எல்லாருக்கும் வணக்கம். எங்க அக்கா மவனுக்கு இப்போ 11 மாசம் ஆவுது. பேரு சொல்லிக் கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கான், பக்கத்துல குக்கர் விசில் அடிச்சாலும் அசையாம தூங்குதான், ஆனா கதவ டமார்னு சாத்துனா மட்டும் திடுக்குன்னு முழிச்சிருதான். அக்காவ எங்க மாமா மவனுக்குத்தான் கட்டிக் குடுத்துருக்கு. பிறந்தப்போ மஞ்சக்காமாலைன்னு கொஞ்ச நாள் லைட்டுலயும் வச்சிருந்தாங்க. இப்போ வீட்டுல ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுதாவ. அத்தை என்னன்னா கிரகணத்தன்னைக்கு வெளிய வந்ததாலதான்னு அக்காவையே குத்திக்கிட்டு இருக்காவ. ஆச்சி வசம்பு உரைச்சு நாக்குல தடவுதாவ, ஸ்ரீவைகுண்டத்து குமரகுருபரரே அஞ்சு வயசு வரை பேசல, திருச்செந்தூர் போனபிறகுதான் பேச்சு வந்துச்சு, பொறுங்கங்காவ. பக்கத்து வீட்டு டீச்சர் மட்டும் சொந்தத்துல கட்டுனா இப்படித்தான் வரும்னு சொல்லிட்டுப் போயிட்டாவ, அதுலருந்து அக்கா சோறே ஒழுங்கா சாப்பிடல. உண்மையிலயே அதனாலதானா? அடுத்த பிள்ளைக்கும் வருமா? இல்ல இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துப் பாக்கலாமா?

கடையத்துக்காரன்:
எங்க தாத்தா ஆச்சி சொந்தம், அப்பா அம்மாவும் சொந்தம், நாங்க நாலு பேரும் நல்லாத்தான் இருக்கோம். இந்த பக்கத்துல எத்தனை வீட்டுல அத்தை மவன் மாமன் மவன்னு கட்டிருக்காவ, எல்லாருக்குமா வந்துச்சு? டீச்சர் சொன்னத மனசுல வைக்காதம்மா. ஆனா டாக்டர்ட்ட மட்டும் காட்டிருங்க.

காதுபேச்சு_தென்காசி:
தங்கச்சி, நான் காது பரிசோதனை பண்ற வேலைல இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுதேன். முதல்ல கடைசி கேள்விக்கு பதில். பொறுக்கவே கூடாது. இந்த வாரமே கூட்டிட்டுப் போங்க. கதவு சாத்துனா முழிக்கதுக்கு காது வேணும்னு இல்ல, தரை அதிர்றதே போதும். தட்டு தட்டிப் பாக்கது, கை தட்டிப் பாக்கது எதையும் நம்பாதீங்க, பிள்ளை நிழல் ஆடுறத பாத்துக்கூட திரும்பிரும். காது கேக்காத பிள்ளையும் முதல் அஞ்சாறு மாசம் ங்கா ங்கான்னு சத்தம் போடும், அதுக்கப்புறம்தான் குறையும், அதாலதான் வீட்டுல பாதிப் பேருக்கு லேட்டா தெரியுது. ஒரு மாசத்துக்குள்ள முதல் டெஸ்ட், மூணு மாசத்துக்குள்ள உறுதி பண்ணணும், ஆறு மாசத்துக்குள்ள காது கேக்குற மெஷின் மாட்டணும், இதுதான் உலகம் பூரா வச்சிருக்க கணக்கு. உங்க பிள்ளைக்கு இப்பவே 11 மாசம்.

இப்போ சொந்த விஷயம். 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புல இந்தியா முழுக்க 100 கல்யாணத்துக்கு 11 சொந்தத்துல, தமிழ்நாட்டுல 28. சொந்தம் இல்லாத ஜோடிக்குப் பிறக்குற பிள்ளைங்கள்லயும் 100க்கு ரெண்டு மூணு பேருக்கு ஏதாவது பிறவிக்குறை இருக்கும், அத்தை மாமா பிள்ளைங்க கட்டுனா அது நாலுலருந்து ஆறுன்னு வரும். அப்போ 94 பேருக்கு மேல நல்லாத்தான் பிறக்கும், கடையம் அண்ணாச்சி வீடு அதுல வருது. ஆனா அவுக வீட்டுல வரலங்கதுக்காக ஆபத்தே இல்லன்னு சொல்ல முடியாது. தாய்மாமனுக்கே அக்கா மவளக் கட்டுனா இதவிடக் கூடுதல், ஏன்னா அவுகளுக்குள்ள நாலுல ஒரு பங்கு ஜீன் ஒண்ணாருக்கும், அத்தை மாமா பிள்ளைங்களுக்குள்ள எட்டுல ஒரு பங்கு.

நம்ம எல்லார் உடம்புலயும் பழுதான ஜீன் கொஞ்சமாச்சும் இருக்கு. ஒவ்வொரு ஜீனும் ஜோடியா இருக்கதால கிணத்துல ரெண்டு மோட்டார் போட்ட மாதிரி, ஒண்ணு நின்னாலும் தண்ணி ஏறிரும், நமக்குத் தெரியவே தெரியாது. ஒரே தாத்தா ஆச்சிட்டருந்து அதே பழுது புருஷனுக்கும் வந்து பொண்டாட்டிக்கும் வந்திருந்தா பிள்ளைக்கு ரெண்டுமே பழுதா போய்ச் சேர வாய்ப்பு இருக்கு. காதுக்கு நம்ம நாட்டுல அதிகமா பாக்கது ஜிஜேபி2ன்னு ஒரு ஜீன். பெரும்பாலும் அப்பா அம்மா ரெண்டு பேர்ட்டருந்தும் வந்தாதான் இது பிள்ளையப் பாதிக்கும், அதனால உங்க அத்தைட்ட தைரியமா சொல்லுங்க, இந்த ஜீனாவே இருந்தாலும் பாதி அவுக மவன்ட்டருந்து வந்ததாத்தான் இருக்கும். கிரகணத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. அந்த ஜீன்தான்னு உறுதியாச்சுன்னா ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலுல ஒரு வாய்ப்பு, மூத்ததுக்கு வந்துட்டா அடுத்ததுக்கு வராதுன்னுல்லாம் இல்ல.

ஆனா உங்க பிள்ளைக்கு ஜீன்தான்னு நான் இப்பவே சொல்ல மாட்டேன். கர்ப்பத்துல முதல் மூணு மாசத்துல ருபெல்லாங்குற அம்மை வந்தாலும் காது போவும் (2017லதான் நம்ம ஊர்ல அரசாங்கத்துல தட்டம்மையோட சேத்து அதுக்குத் தடுப்பூசி போட ஆரம்பிச்சாங்க), மூளைக்காய்ச்சல், குறைமாசம், சில ஆன்டிபயாட்டிக் ஊசி எல்லாமே காரணமா இருக்கலாம். மஞ்சக்காமாலை லைட்டு வச்ச அளவுல இருந்தா பெரும்பாலும் காது நரம்ப ஒண்ணும் பண்ணாது, ரத்தம் மாத்துற அளவுக்கு ஏறுனாதான் பயம். டிஸ்சார்ஜ் சம்மரிய மறக்காம எடுத்துட்டுப் போங்க.

மேலப்பாளையம்_உம்மா:
தங்கச்சி, நானும் எங்க வீட்டுக்காரரும் சொந்தமே இல்ல, ஆனா எங்க மவளுக்கு பிறந்ததுலருந்தே காது கேக்கல, டெஸ்ட் எடுத்தப்போ ரெண்டு பேர்ட்டயும் அதே ஜீன் பழுது இருந்துச்சு. தலைமுறை தலைமுறையா சுத்துவட்டாரத்துக்குள்ளயே பொண்ணு எடுத்து பொண்ணு குடுத்தா இப்படியும் வரும்னு டாக்டர் சொன்னாங்க. அதனால அக்காவ யாரையும் குத்த விடாதீங்க. மவளுக்கு முதல்ல மெஷின் மாட்டுனோம், அது போதல, ரெண்டு வயசு ஆவுறதுக்குள்ள காக்ளியர் ஆபரேஷன் (காதுக்குள்ள கேக்குறதுக்கு ஒரு கருவி வைக்கிறது) பண்ணியாச்சு. ஆறு வயசுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல பண்ணுதாங்க, பணத்த நெனச்சுத் தள்ளிப் போடாதீங்க. ஆபரேஷன விட அதுக்கப்புறம் குடுக்குற பேச்சுப் பயிற்சிதான் பெரிய வேலை, தினமும் வீட்டுலயும் உக்காந்து பேசணும். இப்போ ஸ்கூல்ல மத்த பிள்ளைங்க கூடத்தான் படிக்கா.

அம்பை_தங்கச்சி:
ரொம்ப நன்றிண்ணே, நன்றிக்கா. அக்காட்டயும் மச்சான்ட்டயும் முழுசா வாசிச்சுக் காட்டிட்டேன், மச்சான் லீவு சொல்லிட்டாவ, திங்கக்கிழமை போறோம். எங்க போவணும், என்ன டெஸ்ட் கேக்கணும்?

காதுபேச்சு_தென்காசி:
பாளை ஐகிரவுண்ட் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போயி காது மூக்கு தொண்டை ஓபில காட்டுங்க. ஓஏஇன்னு உள்காத சோதிக்கிற டெஸ்ட் கொஞ்ச நேரத்துல முடிஞ்சிரும், அதோட விடாம பெரா டெஸ்ட்டும் (தலைல ஒயர் ஒட்டி, சத்தம் காது நரம்பு வழியா மூளைக்குப் போவுதான்னு பாக்கது) கேளுங்க, நரம்பு வரைக்கும் அதுலதான் தெரியும். பெராவுக்கு பிள்ளை நல்லாத் தூங்கணும், அதனால முந்தின ராத்திரி கொஞ்சம் லேட்டா படுக்க வச்சு காலைல சீக்கிரம் எழுப்பிருங்க, வழில தூங்க விடாதீங்க. தலைக்கு எண்ணெய் வைக்காதீங்க, ஒயர் ஒட்டாது. தூக்க மருந்து குடுப்பாங்களான்னு முன்னாலயே கேட்டுக்கோங்க, அத வச்சுத்தான் பால் எப்போ குடுக்கலாம்னு சொல்லுவாங்க. ஆச்சிட்ட வசம்ப நிறுத்தச் சொல்லிருங்க, பிள்ளைக்கு அது நல்லதில்ல. ரிப்போர்ட் வந்ததும் இங்கயே போடுங்க, பாத்து சொல்லுதேன்.