'மோட்டாக இருக்கலாம்' என்று பதிவான மண்மேடு: தோண்டாமல் எவ்வளவு சொல்லலாம்?

அகழிக்கரை
இடம் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர், வேல்ஸ் எல்லையோரம். லைடார் (வானிலிருந்து லேசரால் தரை உயரத்தை அளப்பது) படத்தில் ஒரு வட்ட மண்மேடு: அடி விட்டம் 30 மீட்டர், தட்டையான உச்சி 12 மீட்டர், உயரம் 4 மீட்டர். சுற்றிலும் தூர்ந்த அகழி, கிழக்கே பிறை வடிவில் ஒரு கரை. கல் கட்டுமானம் எதுவும் இல்லை. தொல்லியல் பதிவேட்டில் 'மோட்டாக இருக்கலாம்' என்பதோடு சரி. மோட் என்றால் 11, 12-ஆம் நூற்றாண்டுகளில் நார்மன்கள் மரக்கோபுரம் வைக்க எழுப்பிய மண்மேடு. நார்மன் மரக்கோட்டைதானா என்று மேற்பரப்பை வைத்தே எந்த அளவுக்குச் சொல்ல முடியும்?

செம்மண்
அளவு பொருந்துகிறது, ஆனால் அது மட்டும் போதாது. வெண்கலக் கால ஈமமேடுகள் பெரும்பாலும் இதைவிடத் தாழ்வானவை, உச்சி உருண்டிருக்கும். காற்றாலை மேடு என்றால் பொதுவாகச் சிறியது; ஆலையைத் தாங்கிய மர உத்திரங்கள் கிடந்த சிலுவை வடிவப் பள்ளம் உச்சியில் தெரியலாம். கைவிடப்பட்ட மோட்டின் மேலேயே பிற்காலத்தில் காற்றாலை வைத்ததும் உண்டு, ஆகவே சிலுவைப் பள்ளம் இருந்தாலும் மோட் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

மண் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நீங்கள் தந்த அளவுக்கு மேட்டின் கனஅளவு சுமார் 1,470 கனமீட்டர். அகழி 5 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம், 'வி' வெட்டு என்று வைத்தால் சுற்றளவு 110 மீட்டருக்கு 550 கனமீட்டர்தான் கிடைக்கும். மீதி எங்கிருந்து வந்தது? அகழி இன்னும் ஆழமாக இருந்திருக்கலாம், பக்கத்து மேல்மண்ணைச் சுரண்டியிருக்கலாம், அல்லது அடியில் இயற்கைக் குன்றே இருந்து அதைச் செதுக்கியிருக்கலாம். எல்லையோர மேடுகளில் நான் முதலில் சந்தேகப்படுவது கடைசியைத்தான்.

நிழல்வரை
லைடாரில் ஒரே திசை ஒளி நிழலை நம்பாதீர்கள். இயல்பாக வடமேற்கிலிருந்து ஒளி விழும். அதே திசையில் ஓடும் கரை காணாமல் போகும். பல திசை நிழல் படமும் 'ஸ்கை வியூ ஃபேக்டர்' (ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் எவ்வளவு வானம் தெரியும் என்று காட்டும்) படமும் எடுத்து ஒப்பிடுங்கள். மரங்களை நீக்கிய தரை மாதிரியையே பயன்படுத்துங்கள். ஆனால் மரங்களை நீக்கும் மென்பொருள் அடர்ந்த புதரையே சில நேரம் தரையென்று எடுத்துக்கொள்ளும், அது போலிக் கரையாகத் தெரியும். பிறகு மேட்டுக்குக் குறுக்கே குறைந்தது நான்கு வெட்டுமுகங்கள் வரையுங்கள்.

இதைவிட முக்கியம் பழைய உழவு வரப்புகள். அவை கரைக்கு அடியில் போகின்றனவா, மேலே ஏறுகின்றனவா, கரைக்கு முன்பே நிற்கின்றனவா? எது முந்தியது என்பதற்கு அதுவே தடயம். வேல்ஸின் மான்ட்கோமரி அருகிலுள்ள ஹென் டோமென் என்ற நார்மன் மரக்கோட்டைத் தளத்தில், கோட்டைக்கு அடியிலேயே அதற்கு முந்தைய உழவு வரப்புகள் கிடைத்தன.

அகழிக்கரை
நன்றி. இங்கே வரப்புகள் பிறைக்கரையை ஒட்டி நின்றுவிடுகின்றன. மின்தடை அளவை (மண்ணில் மின்சாரம் செலுத்தி அதன் தடையை அளப்பது) செய்தால் உச்சியில் கோபுரத்தின் கம்பக்குழிகள், அதாவது மரக்கம்பங்கள் நட்ட குழிகள், தெரியுமா?

கம்பக்குழி
நம்பிக்கை வைக்க வேண்டாம். 0.5 மீட்டர் இடைவெளி இரட்டைமுனைக் கருவி முக்கால் மீட்டர் ஆழத்துக்குக் கீழே பெரிதாக எதையும் காட்டாது. தூர்ந்த அகழி ஈரமாக இருந்தால் தெளிவாகத் தெரியும், அதற்குத்தான் அது லாயக்கு. ஹென் டோமெனில் பிலிப் பார்க்கர் 1960 முதல் பல ஆண்டுகள் அகழாய்ந்தார். அங்கே பல கட்டடங்கள் தரைமேல் கிடத்திய மர உத்திரங்களில் நின்றவை. ஆழமான குழியே இல்லை, மேல்மண்ணை அங்குலம் அங்குலமாகச் சுரண்டினால்தான் தடம் தெரியும். சரேயின் அபிங்கரில் 1949-இல் உச்சியிலேயே கம்பக்குழிகள் கிடைத்தன. சவுத் மிம்ஸில் கோபுரத்தைத் தரைமட்டத்தில் எழுப்பி அதைச் சுற்றி மண்ணைக் குவித்திருந்தார்கள். அதனால் உச்சியில் குழி காணாவிட்டால் கோபுரமே இல்லை என்று ஆகிவிடாது.

காலத்தை வடிவம் சொல்லாது. நார்மன் மோட்டாகவே பயன்பட்ட மார்ல்பரோ மேடு கி.மு. 2400 வாக்கில் எழுந்தது என்று துளை மாதிரிகளில் கிடைத்த கரியின் கார்பன் காலக்கணிப்பால் தெரிந்தது. யார்க்ஷயரின் ஸ்கிப்ஸி மேடு இரும்புக் காலத்தது. துளை போட்டால் அடியில் புதைந்த பழைய தரைமண்ணிலிருந்தும் நடுவிலிருந்தும் மாதிரி எடுக்க வேண்டும். கட்டியவர்கள் வாரிக்கொட்டிய மண்ணிலேயே பழைய கரி இருக்கும். அந்தத் தேதி 'இதற்கு முன் அல்ல' என்று மட்டுமே சொல்லும். குச்சி, ஹேசல்கொட்டை ஓடு மாதிரி குறைந்த ஆயுள் கொண்டவை நல்லது.

மேடு பாதுகாக்கப்பட்ட சின்னமா என்று முதலில் பாருங்கள். அப்படியானால் 1979 தொல்லியல் சின்னங்கள் சட்டப்படி துளைக்கு அரசு ஒப்புதல் வேண்டும். உலோகங்காட்டிக்கும் காந்த அளவிக்கும் தனி உரிமம்.

நிழல்வரை
வரப்புகள் கரையை ஒட்டி நிற்பது கரை பழையது என்பதற்கு நல்ல அறிகுறி. ஆனாலும் அங்கே ஏர் திருப்பிய மண்திட்டு இருக்கிறதா என்று வெட்டுமுகத்தில் பாருங்கள். அந்தத் திட்டையே கரை என்று பதிவு செய்திருக்கவும் வாய்ப்புண்டு.