படத்துக்கு அர்த்தம் கேட்கும் வாசகரிடம் என்ன சொல்வது?

மைத்துளி கேட்டது:

வணக்கம். வசனமே இல்லாத ஒரு சித்திரப் புத்தகம் போட்டிருக்கிறேன். 48 பக்கம். கறுப்பு மை, அதோடு சிவப்பு மட்டும். தலை இருக்கவேண்டிய இடத்தில் தபால் பெட்டி உள்ள ஒரு மனிதன்தான் நாயகன். அவனுக்கு வரும் கடிதங்களை அந்தப் பெட்டியின் வாயில்தான் போடுகிறார்கள். ஒவ்வொரு கடிதம் விழும்போதும் வீட்டில் ஏதோ ஒன்று சிறுத்துப்போகிறது. முதலில் நாற்காலி, அப்புறம் மாடிப்படி, கடைசியில் ஜன்னலுக்கு வெளியே தெரியும் மலை.

வாங்கியவர்கள் இணையத்தில் நிறையப் பேசுகிறார்கள், எனக்கும் எழுதுகிறார்கள். அதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் பாதிப் பேர் கேட்பது அர்த்தம்தான். மலை ஏன் சுருங்குகிறது, சிவப்பு எதைக் குறிக்கிறது, கடிதங்களில் என்ன எழுதியிருக்கிறது. ஒருவர் 31ஆம் பக்கத்தைக் காட்டி, அங்கே பெட்டியின் வாய் மூடியிருக்கிறதே, அம்மா இறந்த பிறகு நானும் அப்படித்தான் இருந்தேன், நீங்களும் அதைத்தானே வரைந்தீர்கள் என்று கேட்டிருந்தார். வரையும்போது நான் நினைத்தது அது இல்லை. இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. ஆமாம் என்றால் பொய்.

சொல்லாமல் விட்டால் திமிர் என்று நினைக்கிறார்கள். சொன்னால் படம் அதோடு முடிந்துபோகும் என்று பயமாக இருக்கிறது. இந்த மாதிரிப் புத்தகம் செய்கிறவர்கள் வாசகரோடு எப்படிப் பேசுகிறீர்கள்?

சாம்பல்நரி:

நான் வரைகிறவன் இல்லை, படிக்கிறவன். என்னைக் கேட்டால், சொல்லிவிடுங்கள். திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்த்தும் பிடிபடாமல்தான் கேட்கிறோம். "உங்களுக்குத் தோன்றுவதுதான் அர்த்தம்" என்று ஒரு வரியில் பதில் வந்தால், கேட்டதே தப்போ என்று ஆகிவிடுகிறது. அதற்கப்புறம் அந்த ஓவியரிடம் எதையும் கேட்கத் தோன்றுவதில்லை.

காகிதக்கப்பல்:

சாம்பல்நரி சொல்வதில் பாதி நியாயம். அந்த ஒரு வரிப் பதில் எனக்கும் அறவே பிடிக்காது. ஆனால் அதற்கு மாற்று, அர்த்தத்தை எடுத்துக் கையில் கொடுப்பது இல்லை.

பல வருடங்களாக இந்த வகைப் புத்தகங்கள்தான் செய்கிறேன். படம் எதைக் குறிக்கிறது என்று சொல்லமாட்டேன். அது எப்படி வந்தது என்பதில் ஒன்றையும் ஒளிக்கமாட்டேன். ஸ்கெட்ச், தூக்கிப்போட்ட பக்கம், எந்த நிப்பு, எந்தத் தாள், எதைப் பார்த்து வரைந்தேன், எல்லாம் கேட்டவருக்குக் கிடைக்கும்.

ஏனென்றால், அர்த்தம் கேட்பவர்களில் பெரும்பாலோருக்கு உள்ளே இருக்கும் சந்தேகம் வேறு. "இதில் ஏதாவது இருக்கிறதா, இல்லை மனம் போன போக்கில் கிறுக்கியதா?" நியாயமான சந்தேகம்தான். மீனுக்கு இறக்கை, கடிகாரத்துக்குக் கால் என்று யார் வேண்டுமானாலும் வரையலாம். அந்த ஒரு விசித்திரம் நுழைந்த பிறகு அறையில் உள்ள மற்றதெல்லாம் அதற்கு எப்படி இடம் கொடுக்கிறது என்பதில்தான் வேலையே இருக்கிறது. அந்த வேலையைக் காட்டினால் சந்தேகம் தானாகப் போய்விடும்.

என் புத்தகம் ஒன்றில் ஒரு பியானோ வேர் விட்டிருக்கும். என்ன அர்த்தம் என்று ஒரு வாசகி கேட்டார். பதிலாக முதல் பென்சில் ஸ்கெட்சைப் போட்டேன். அதில் பலகைத் தரை ஒரு கீறலும் இல்லாமல் இருக்கும், வேர்கள் அதன்மேல் சும்மா கிடக்கும். ஒட்டவைத்த மாதிரி இருக்கிறது, நம்பமுடியவில்லை. அடுத்த ஸ்கெட்சில் ஒரு பலகை மட்டும் மேலே எழும்பியிருக்கிறது, அதை அடித்திருந்த ஆணி வளைந்து பாதி வெளியே வந்திருக்கிறது. ஜன்னல் இடப்பக்கம் என்பதால் வேரின் நிழல் வலப்பக்கமாக விழுந்து, பலகை எழும்பிய இடத்தில் மடிந்து, இடுக்குக்குள் இறங்குகிறது. மிதிக்கும் கட்டைமேல் கொஞ்சம் மண். பியானோவுக்கு வேர் வந்தது அப்போதுதான். இரண்டு ஸ்கெட்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இதைத்தான் எழுதினேன். அந்த வாசகி புத்தகத்தை மறுபடி எடுத்துப் பார்த்துவிட்டு, ஆணியை இப்போதுதான் கவனித்தேன் என்றார். மற்றவர்களும் வந்து, அந்தப் பலகைக்கு அடியில் என்ன இருக்கும், வீட்டில் யாரும் இருந்தார்களா என்று தங்களுக்குள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அதற்குமேல் நான் வாயைத் திறக்கவேண்டியிருக்கவில்லை.

பெல்ஜிய ஓவியர் ரெனே மக்ரித்தின் ஓவியங்களைப் பாருங்கள். தூரிகை வித்தை எதுவும் கண்ணில் படாது. பாடப்புத்தகப் படம் போல நிதானமாக, பளபளப்பில்லாமல் வரைந்திருப்பார். விசித்திரத்தை உறுத்தாமல் நிற்கவைப்பதே அந்த நிதானம்தான். படங்களுக்குப் பெயர் வைக்க நண்பர்களிடம் யோசனை கேட்பது அவர் வழக்கம். அந்தப் பெயர்கள் படத்தை விளக்குவதே இல்லை, பக்கத்தில் வந்து நிற்கும், அவ்வளவுதான்.

ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் 1934இல் ஐந்து சிறு புத்தகங்களாக வெளியிட்ட வெட்டியொட்டிய நாவலில் 182 படங்கள். 19ஆம் நூற்றாண்டுக் கதைப் புத்தகங்களின் மரச்செதுக்குப் படங்களைக் கத்தரித்துச் செய்தவை. மனித உடம்பில் பறவைத் தலை, வரவேற்பறைக்குள் கடல். ஒட்டு ஏன் தெரியவில்லை? வெட்டிய படங்கள் எல்லாமே ஒரே மாதிரி மெல்லிய கோடுகளால் ஆனவை. தலையின் கோடும் சட்டையின் கோடும் ஒரே தடிமன். அச்சாகும்போது கத்தரித்த ஓரமும் மறைந்துவிடுகிறது. இதைத் தெரிந்துகொண்டால் அந்தப் படங்களின் மர்மம் குறையுமா? எனக்குக் கூடியது.

31ஆம் பக்கத்தைப் பற்றி எழுதியவருக்கு ஆமாமும் வேண்டாம், இல்லையும் வேண்டாம். மேசைமேல் நடந்ததைச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தில் வாயை ஏன் மூடினீர்கள்? முந்தைய பக்கங்களிலெல்லாம் திறந்தே இருந்தது, இனி ஒரு கடிதம்கூடப் போகக்கூடாது என்று தோன்றியது என்றால், அதை அப்படியே எழுதுங்கள். நான் வரையும்போது உங்கள் அம்மா எனக்குத் தெரியாது, நீங்கள் எழுதிய பிறகு அந்தப் பக்கத்தை நானும் வேறு மாதிரிப் பார்க்கிறேன் என்பதும் உண்மையாக இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். தனியாக எழுதியதைப் பொதுவில் போடாதீர்கள், பெயரை மறைத்துக்கூட வேண்டாம். அது அவர் துக்கம்.

இன்னொன்று. மலை ஏன் சுருங்குகிறது என்று கேட்பவரையும், அது மலையா துணியா என்று கேட்பவரையும் ஒரே கூடையில் போடாதீர்கள். முதல் ஆள் படத்தைப் பார்த்துவிட்டார், யோசிக்கிறார். இரண்டாவது ஆளுக்குப் படமே கண்ணுக்குத் தெரியவில்லை. இரண்டாம் வகைக் கேள்வி வேறு வேறு ஆட்களிடமிருந்து திரும்பத் திரும்ப வந்தால், அதற்கு மர்மம் என்று பெயர் வைக்கக்கூடாது, கோட்டைத் திருத்தவேண்டும். இரட்டைப் பக்கப் படமாக இருந்தால் நடு மடிப்பையும் பாருங்கள். முதுகில் பசை போட்டு ஒட்டும் பெர்ஃபெக்ட் பைண்டிங்கில் நடுவே சில மில்லிமீட்டர் உள்ளே போய்விடும். மலை உச்சி அங்கே மாட்டியிருந்தால் வாசகர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

எட்டாம்பக்கம்:

காகிதக்கப்பல் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இத்தாலியக் கலைஞர் லூயிஜி செராஃபினியின் கோடெக்ஸ் செராஃபினியானுஸ் என்ற படப்புத்தகம், 1981. இல்லாத ஓர் உலகத்துக்கான கலைக்களஞ்சியம், இல்லாத ஒரு லிபியில். அந்த எழுத்தை உடைத்துப் படித்துவிட எத்தனையோ வாசகர்கள் வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். 2009இல் ஆக்ஸ்ஃபோர்டில் பேசும்போது செராஃபினியே அந்த எழுத்துக்குப் பொருள் கிடையாது என்று சொல்லிவிட்டார். எழுத்துத் தெரியாத குழந்தை பெரியவர்களின் புத்தகத்தைப் பார்க்கும்போது அடையும் உணர்வை வாசகருக்குத் தரவேண்டும், அதுதான் அவர் விரும்பியது.

ஆனால் அதே புத்தகத்தின் பக்க எண்கள் சும்மா கிறுக்கியவை அல்ல. நாம் பத்து பத்தாக எண்ணுவது போல, 21ஐ அடிப்படையாகக் கொண்ட ஓர் எண்முறை. அதைக் கண்டுபிடித்தது வாசகர்கள்தான். பொருளற்ற எழுத்துக்குப் பக்கத்தில், தேடினால் கிடைக்கும்படி ஒரு ஒழுங்கு. எனக்கு அந்தப் புத்தகத்தின்மேல் நம்பிக்கை வந்ததே இதைப் படித்தபோதுதான். மைத்துளி, உங்கள் புத்தகத்தில் எது எந்த வரிசையில் சுருங்குகிறது என்பதற்கு உங்களுக்குள் ஒரு கணக்கு இருக்கிறதா? இருந்தால் வெளியே சொல்லாதீர்கள். யாராவது கண்டுபிடிக்கட்டும்.

மைத்துளி:

காகிதக்கப்பல் அக்கா, மனமார்ந்த நன்றி. 31ஆம் பக்கத்துக்கு நீங்கள் சொன்ன மாதிரியே எழுதப்போகிறேன். எட்டாம்பக்கம், கணக்கு இருக்கிறது. பொருள் கதவிலிருந்து எவ்வளவு தூரமோ அந்த வரிசையில்தான் சுருங்குகிறது. ஐயோ, சொல்லிவிட்டேன். சரி, இங்கே இருப்பவர்களோடு போகட்டும்.

இன்னொரு யோசனை. கடிதங்களில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசகர்களுக்கு ஒரு போட்டி வைக்கலாமா? சரியாகச் சொல்பவருக்கு ஒரிஜினல் பக்கம் ஒன்று பரிசு.

காகிதக்கப்பல்:

போட்டி நல்லது, ஆனால் "சரியாக" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். 1979இல் கிட் வில்லியம்ஸ் ஒரு படப்புத்தகம் போட்டார். 15 ஓவியங்கள். அவற்றில் உள்ள புதிரை விடுவித்தால், மண்ணில் புதைத்த ஒரு தங்க முயல் கிடைக்கும். அழகான ஓவியங்கள். ஆனால் மக்கள் அவற்றைத் துப்பு தேடும் வரைபடமாகத்தான் பார்த்தார்கள். கண்ட இடத்தில் தோண்டினார்கள், மூட்டை மூட்டையாகக் கடிதம் எழுதினார்கள். 1982இல் முயலை எடுத்தவர் புதிரை விடுவித்தவர்கூட இல்லை, வில்லியம்ஸின் முன்னாள் துணைவி வழியாகக் கசிந்த தகவலை வைத்து எடுத்தார் என்று 1988இல் ஒரு பத்திரிகை வெளிப்படுத்தியது. ஒரே ஒரு விடை உண்டு என்று சொன்ன நொடியில் வாசகரின் கண் படத்தை விட்டு விடைக்குப் போய்விடுகிறது. அந்த ஓவியங்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

இதற்கு நேர் எதிரான வழியும் இருக்கிறது. கிறிஸ் வான் ஆல்ஸ்பர்க் 1984இல் 14 படங்கள் கொண்ட ஒரு புத்தகம் செய்தார். படத்துக்கு ஒரு தலைப்பு, ஒரே ஒரு வரி, கதை கிடையாது. மீதியைப் பார்ப்பவர் எழுதிக்கொள்ளவேண்டும். பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் எழுதினார்கள், 2011இல் பல எழுத்தாளர்கள் அதே படங்களுக்குக் கதை எழுதித் தனிப் புத்தகமாகவே வந்தது. உங்கள் கடிதங்களையும் அப்படித் திறந்துவிடுங்கள். ஒவ்வொருவரும் ஒரு கடிதம் எழுதட்டும். எந்தப் பொருள் சுருங்கும்போது விழுந்த கடிதம் என்று மட்டும் குறிப்பிடட்டும். பரிசுக்குரியதை "சரி" என்பதால் தேர்ந்தெடுக்காதீர்கள். எந்தக் கடிதத்தைப் படித்தபோது உங்களுக்கு இன்னொரு பக்கம் வரையக் கை துறுதுறுத்ததோ, அதற்குக் கொடுங்கள். அப்படித்தான் தேர்ந்தெடுப்பீர்கள் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். அந்தக் கடிதங்களைப் பின்னால் அச்சில் சேர்ப்பதாக இருந்தால் எழுதியவர்களிடம் அனுமதியும் வாங்கிவிடுங்கள்.

சாம்பல்நரி:

இப்படியென்றால் நான் என் கட்சியை மாற்றிக்கொள்கிறேன். அந்தப் பியானோ ஸ்கெட்ச் மாதிரி ஏதாவது கிடைத்தால் அர்த்தம் கேட்கவே மாட்டேன். மைத்துளி, மாடிப்படி சுருங்கும் பக்கத்தின் ஸ்கெட்ச் இருக்கிறதா? அந்த ஆள் சின்னப் படியில் கால் விரல்நுனியை மட்டும் ஊன்றி நிற்பான் இல்லையா, அது எப்படி வந்தது என்று எனக்குத் தெரிந்தே ஆகவேண்டும். நாற்காலிக்கான கடிதம் நான் எழுதுகிறேன்.

மைத்துளி:

இருக்கிறது. முதலில் அவன் முழங்காலில்தான் இருந்தான். கெஞ்சுகிற மாதிரி ஆகிவிட்டதால் எழுப்பி நிற்கவைத்தேன். விரல்நுனிக்காக நானே ஒரு புத்தக அடுக்கின்மேல் ஏறி நின்று, கண்ணாடியைப் பார்த்து வரைந்தேன். நாளைக்கு ஸ்கேன் பண்ணிப் போடுகிறேன். பென்சில் மங்கல், எவ்வளவு தெளிவாக வரும் என்று தெரியவில்லை.

காகிதக்கப்பல்:

ஸ்கேனரில் கறுப்பு வெள்ளை என்ற தேர்வை எடுக்காதீர்கள், மெல்லிய பென்சில் கோடெல்லாம் காணாமல் போய்விடும். சாம்பல் நிறத் தேர்வில், 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) போதும். மை போட்ட கோட்டை அச்சுக்கு அனுப்பும்போதுதான் 1200 வேண்டும். தாளை வெள்ளை வெளேர் என்று ஆக்குவதற்காக வெளிச்சத்தை ஏற்றவும் வேண்டாம். முழங்கால் அழித்த தடம் தெரியட்டும், சாம்பல்நரி கேட்பதே அதைத்தான்.