ஃப்யூம் ஹூட் சரியாக இழுக்கவில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம். எங்கள் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தின் 6 அடி ஃப்யூம் ஹூடில் (நச்சுப் புகையை உறிஞ்சி வெளியேற்றும் கண்ணாடிக் கதவு போட்ட பெட்டி) இழுப்பு போதவில்லை. கண்ணாடிக் கதவை 45 செ.மீ. உயர்த்தி, திறப்பை ஒன்பது கட்டமாகப் பிரித்து அனிமோமீட்டரில் (காற்றின் வேகம் அளக்கும் கருவி) அளந்தால் சராசரி வினாடிக்கு 0.25 மீட்டர்தான் வருகிறது. 0.4 முதல் 0.6 வரை இருக்க வேண்டும். ஊதுபத்தியைக் காட்டினால் கீழ் இடது மூலையில் புகை சுருண்டு வெளியே வருகிறது. (இப்படிப் பார்ப்பதற்கு முன் கரைப்பான் பாட்டில்கள் எல்லாவற்றையும் கட்டாயம் அப்புறப்படுத்திவிடுங்கள்.)

ஹூடுக்குள் பின்பலகையின் கீழ் இடைவெளியை மறைத்திருந்த பாட்டில்களை எடுத்தாயிற்று. சீலிங் ஃபேனை நிறுத்தியும் மாற்றமில்லை. சன்னல்களைத் திறந்தால் 0.29, எனவே அறைக்குள் காற்று வரத்து குறைவு என்பது மட்டும் காரணமல்ல.

சந்தேகம், ஹூடிலிருந்து குழாய் வழியாகக் காற்றை இழுக்கும் மொட்டைமாடி ப்ளோயர் மேல்தான். மோட்டாரை ரீவைண்டிங் செய்து மாட்டிய பிறகே இந்தக் குறை. மூன்று ஃபேஸில் இரண்டு இடம் மாறியிருந்தால் இம்பெல்லர் (ப்ளோயருக்குள் இருக்கும் இறகுச் சக்கரம்) எதிர்த்திசையில் சுற்றும். சென்ட்ரிஃப்யூகல் ப்ளோயர் அப்போதும் அதே பக்கம்தான் காற்றைத் தள்ளும், ஆனால் அளவு வெகுவாகக் குறையும். சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. கவசத்தில் இருந்த அம்புக்குறியும் அழிந்துவிட்டது.

இறகின் வளைவையும் கவசத்தின் வடிவத்தையும் பார்த்துச் சரியான திசையை உறுதிசெய்வது எப்படி? பிவிசி குழாயில் நான்கு 90 டிகிரி வளைவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் இரண்டு 45 டிகிரியாக மாற்றியவர்களுக்கு எவ்வளவு பலன் கிடைத்தது? நைட்ரிக் அமிலம் சூடாக்கும் சோதனைகளை நிறுத்தி வைத்திருக்கிறோம், செய்முறைத் தேர்வு நெருங்குவதால் விரைவில் பதில் தந்தால் பேருதவி.