கொழும்பு பஸ்ஸில் 'ஹோல்ட்' என்றால் என்ன?

தமிழ்நாட்டிலிருந்து கொழும்புக்குப் புதிதாக வந்தவர்கள் முதலில் காதில் ஏற்றிக்கொள்ள வேண்டிய சொல் 'ஹோல்ட்'. நாம் 'ஸ்டாப்பிங்' என்று சொல்வதை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். நில் என்று பொருள்படும் ஆங்கில 'ஹால்ட்'தான் அது. தமிழர்களும் அப்படியே சொல்வார்கள், சிங்களத்தில் 'ஹோல்ட் எக்க'. 'தரிப்பிடம்' என்பதைப் பலகைகளில் பார்க்கலாம்.

வந்த முதல் வாரம் புறக்கோட்டையில் 101ஆம் நம்பர் பஸ் ஏறி வெள்ளவத்தைக்குப் போனேன். கண்டக்டர் என்னைப் பார்த்து என்னவோ சொன்னார். அதில் 'ஹோல்ட்' மட்டும்தான் புரிந்தது. கம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார் என்று நினைத்து இறுக்கிப் பிடித்தேன். அவர் சொன்னது நான் இறங்க வேண்டிய இடத்தை. வெள்ளவத்தையைத் தாண்டி தெஹிவளையில் இறங்கி, காய்கறிப் பையோடு காலி வீதியில் (Galle Road) திரும்பி நடந்தேன். பாவம், அவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

அப்புறம் அகராதியில் தேடினேன். 'ஹால்ட்' ஜெர்மன் படைவீரர்களின் சொல்லாம். அதன் மூலமான 'ஹால்ட்டன்' என்பதற்கு நிறுத்து, பிடி என இரண்டு பொருளும் உண்டு. பிடி என்ற ஆங்கில 'ஹோல்ட்'டும் அதே வேர்தான். இதைப் படித்தபோது உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

ரயிலில் பொருள் கொஞ்சம் மாறும். வசதி குறைந்த சின்ன நிறுத்தத்துக்குத்தான் அங்கே இந்தப் பெயர். கோட்டைக்கும் கொம்பனித்தெருவுக்கும் நடுவில் 'செக்ரெடேரியட் ஹால்ட்' இருக்கிறது. எல்லா ரயிலும் நிற்காது, கேட்டுவிட்டு ஏறுங்கள்.

ராணுவத்தில் இதே சொல் 'அசையாதே, நில்' என்ற கட்டளை. சோதனைச்சாவடிகளைத் தாண்டித் தாண்டி வாழ்ந்தவர்கள் நம் பக்கத்து வீட்டில் இருக்கலாம். விளையாட்டுக்குக்கூட அவர்கள் முன்னால் அப்படிக் கத்த வேண்டாம்.

சரி, இறங்குவது எப்படி? யாழ்ப்பாணப் பக்கம் 'இறக்கம்' என்று குரல் கொடுப்பார்கள். இங்கே சிங்களத்தில் 'பஹினவா' என்றால் போதும், இறங்குகிறேன் என்று அர்த்தம். ஏறும்போதே கட்டடத்தின் பெயரைச் சொல்லி வையுங்கள். வெள்ளவத்தையில் 'சவோய் தியேட்டர்' என்றால் யாருக்கும் தெரியும். முந்தின ஹோல்ட்டிலேயே எழுந்து வாசலுக்கு வந்துவிடுங்கள், பஸ் ரொம்ப நேரம் நிற்காது.